ஒரே வகுப்பு, ஒரே 20 நிமிடம்: எனக்கு 5, அவருக்கு 3. எதை நம்புவது?

தேன்மொழி (திருவண்ணாமலை):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எட்டு மாதம் ஒரு ஆய்வுத் திட்டத்தில் பார்வையாளராக வேலை செய்தேன். அங்கன்வாடிகளிலும் சில தனியார் மழலையர் பள்ளிகளிலும் போய் உட்கார்ந்து, டீச்சர் குழந்தைகளோடு எப்படிப் பேசுகிறார், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்த்து ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். அமெரிக்காவில் புழங்கும் ஓர் அளவுகோலைத் தழுவிய படிவம் அது. 20 நிமிடம் பார்ப்போம், 10 நிமிடம் மதிப்பெண் போடுவோம், மறுபடி 20 நிமிடம். சில வகுப்புகளுக்கு மட்டும் இரண்டு பேராகப் போவோம், இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்க.

அப்படி ஒரு நாள். டீச்சர் பாட்டி வடை சுட்ட கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் நடுவில் எழுந்து, "காக்காவுக்குப் பல்லு இருக்கா டீச்சர்?" என்றான். "கதையைக் கேளுடா" என்று சத்தமாகச் சொல்லி அவனை உட்கார வைத்தார். அதோடு போயிருந்தால் நானும் 3 போட்டிருப்பேன். ஆனால் காக்கா வடையைத் தூக்கும் இடம் வந்தபோது டீச்சர் அவன் பக்கம் குனிந்து, "இப்போ நீ சொல்லு, பல்லு இல்லாம எப்படித் தூக்குச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் இரண்டு விரலை மூக்கு மாதிரி வைத்து, பக்கத்தில் கிடந்த சாக்பீஸைக் கவ்வி எடுத்துக் காட்டினான். பக்கத்துக் குழந்தைகள் நாலைந்து பேர் அதையே செய்தார்கள்.

நான் சத்துமாவு மூட்டை ஓரம், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் சக பார்வையாளர் அக்கா வாசலையொட்டி இருந்தார். அந்த நேரம் வெளியே காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. அவருக்குக் கேட்டது "கதையைக் கேளுடா" மட்டும். சிந்தனையைத் தூண்டுதல் என்ற தலைப்பில் நான் 5 போட்டேன், அவர் 3 போட்டார். மேற்பார்வையாளர், "ஒரு புள்ளி வித்தியாசம் இருக்கலாம், இரண்டு கூடாது, பேசி 4 ஆக்குங்கள்" என்றார். ஆக்கினோம்.

அந்த 4 இன்னும் உறுத்துகிறது. நாங்கள் இரண்டு பேருமே 4 என்று பார்க்கவில்லை. அறிக்கையில் பார்வையாளர்கள் 90 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போனார்கள் என்று போட்டிருக்கிறது. அந்தச் சதவீதத்துக்கு உண்மையில் என்ன பொருள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார் (கோவை):

நல்ல கேள்வி, தேன்மொழி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 'கிளாஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவுகோலின் சாயல். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பியான்டா, கேரன் லா பாரோ, பிரிட்ஜெட் ஹாம்ரே மூவரும் உருவாக்கியது, 2008இல் மழலையர் வகுப்புக்கான பதிப்பு வந்தது. மூன்று பெரிய பிரிவு: உணர்வு ஆதரவு, வகுப்பு ஒழுங்கு, கற்பித்தல் ஆதரவு. அவற்றுக்குள் பத்துத் தலைப்புகள். பார்வையாளராகச் சான்றிதழ் வாங்க ஐந்து வீடியோ பார்த்து மதிப்பெண் போட வேண்டும். போட்ட மதிப்பெண்களில் 80 சதவீதம், நிபுணர்கள் போட்டதிலிருந்து ஒரு புள்ளிக்குள் வந்தால் தேர்ச்சி.

இந்த "ஒரு புள்ளிக்குள்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் வகுப்பையே பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு 1 முதல் 7 வரை ஏதோ ஓர் எண் போடுகிறார்கள். மொத்தம் 49 ஜோடி வரலாம். அதில் 7 ஜோடி அப்படியே ஒத்துப்போகும், 12 ஜோடி ஒரு புள்ளி தள்ளி இருக்கும். ஆக 49இல் 19, கிட்டத்தட்ட 39 சதவீதம். அது கூடப் பரவாயில்லை.

நடைமுறையில் யாரும் ஏழு எண்ணையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக அரசு பணம் தரும் 'ஹெட் ஸ்டார்ட்' மழலையர் வகுப்புகளில் கற்பித்தல் ஆதரவின் தேசிய சராசரி வருஷா வருஷம் 3-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. பெரும்பாலான வகுப்புகள் 2, 3, 4 என்று அடங்கிவிடும். இப்போது அந்த மூன்று எண்களிலேயே கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லுங்கள். 9 ஜோடியில் 7 ஒரு புள்ளிக்குள் வந்துவிடும். 78 சதவீதம்! வகுப்பை எட்டிக்கூடப் பார்க்காமல். இன்னும் ஒருவர், எல்லா வகுப்புக்கும் 3 போட்டுக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். உண்மை மதிப்பு 2, 3, 4க்குள் இருக்கிற வரை அவருக்கு 100 சதவீதம். ஆனால் ஒரு டீச்சருக்கும் இன்னொரு டீச்சருக்கும் என்ன வித்தியாசம் என்று அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஒத்துப்போவது வேறு, வேறுபடுத்திக் காட்டுவது வேறு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்க 1960இலேயே ஜேக்கப் கோஹன் 'கப்பா' என்ற அளவைக் கொடுத்துவிட்டார். அறிக்கைகளில் இன்னமும் வெறும் சதவீதத்தை முன்னால் நிறுத்துவது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஜெயந்தி (ஓஹையோ):

நான் இங்கே ஒரு ஹெட் ஸ்டார்ட் மையத்தில் உதவி ஆசிரியை. மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இங்கே இந்த மதிப்பெண் ஆராய்ச்சிக்கு மட்டும் இல்லை, பணத்தோடு கட்டப்பட்டது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஹெட் ஸ்டார்ட் மானியம் ஐந்து வருஷத்துக்கு என்று ஆனது. 2011 விதிப்படி, அந்தந்த ஆண்டு பரிசீலனைக்கு வந்த அமைப்புகளில் ஏதாவது ஒரு பிரிவில் கடைசி 10 சதவீதத்தில் விழுந்தால், மானியத்துக்கு மறுபடி மற்றவர்களோடு போட்டி போட வேண்டும். 2020இல் அதை மாற்றி நிலையான எல்லை வைத்தார்கள்: உணர்வு ஆதரவுக்கு 5, வகுப்பு ஒழுங்குக்கு 5, கற்பித்தல் ஆதரவுக்கு 2025 ஜூலை வரை 2.3, அதன்பின் 2.5. ஒரு தசம இடத்தில் ஓர் அமைப்பின் கதி மாறலாம்! அது தனி டீச்சரின் மதிப்பெண் இல்லை, அமைப்பின் பல வகுப்புகளைச் சேர்த்த சராசரி என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த நாளில் வகுப்புக்குள் இருப்பவருக்கு எல்லாம் தன் தலையில் இருப்பதாகத்தான் தோன்றும்.

பார்வையாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது முதல் 20 நிமிடம் கைகழுவும் வரிசையில் போனது. பதினேழு பிள்ளைகள், ஒரே தொட்டி. என் லீட் டீச்சர் சாதாரணமாக அந்த வரிசையில் எதுவும் பேச மாட்டார், பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் "சோப்பு ஏன் நுரைக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், தொண்டை கட்டிப்போயிற்று. வந்தவர் நல்லவர்தான், ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது எங்கள் வகுப்பையா, எங்கள் பதற்றத்தையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேன்மொழி:

வாத்தியார் சார், அந்த 78 சதவீதம் என்னைத் தூங்க விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன். படிவத்தைப் பென்சிலில்தான் நிரப்புவோம். பேசி முடிவு செய்தபின் பழைய எண்ணை ரப்பரால் அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதுவோம். கணினியில் ஏறியது அந்தப் புது எண் மட்டும்தான். அப்படியானால் அறிக்கையில் வந்த 90 சதவீதம்...?

கணக்கு_வாத்தியார் (கோவை):

பேசி முடிவு செய்த எண்ணை வைத்து ஒத்துப்போவதைக் கணக்கிட்டிருந்தால், அது இரண்டு மாணவர்கள் பரீட்சைப் பேப்பரை ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டபின் "பாருங்கள், இருவர் விடையும் ஒன்றாக இருக்கிறது" என்று சொல்வது மாதிரி. பேசி முடிவு செய்வது தப்பில்லை, இறுதி மதிப்பெண்ணுக்கு அது நல்லதே. ஆனால் பேசுவதற்கு முன் போட்ட எண்களைத் தனியாக வைத்திருக்க வேண்டும். நம்பகத்தன்மை அதில்தான் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் அதை ரப்பர் தின்றுவிட்டது. கடுமையாகச் சொல்கிறேன் என்றால் மன்னியுங்கள். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

ஆய்வுமாணவன்_தஞ்சை:

அக்கா, என் படிப்பே இந்தப் பக்கம்தான் என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

2008-09இல் ஹெட் ஸ்டார்ட் அலுவலகம் கிளாஸ் அளவுகோலில் பயிற்சி கொடுத்த 2093 பார்வையாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2012இல் வெளியானது. இவ்வளவு பேரையும் ஒரு நிலைக்குப் பயிற்றுவிக்க முடியும் என்பது நல்ல செய்தி. இன்னொரு செய்திதான் முக்கியம்: பார்வையாளர் டீச்சர்களைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் என்ன நம்புகிறாரோ, அது அவர் நிபுணரின் மதிப்பெண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதோடு தொடர்புடையதாக இருந்தது. கையேடு ஒன்றுதான், வீடியோ ஒன்றுதான். ஆனால் குழந்தை கேள்வி கேட்டால் பொறுத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர் ஒரு கண்ணோடும், பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர் ஒரு கண்ணோடும் பார்க்கிறார்கள்.

ஒரு விஷயம் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாகத் தெரிவது இன்னொரு சிக்கல். 1920இலேயே எட்வர்ட் தார்ன்டைக் இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை வைத்து இதைக் காட்டினார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாகக் கேட்டும் எல்லாம் ஒரே திசையில் போயின. சிரித்த முகமாக இருக்கிற டீச்சருக்குக் கற்பித்தலிலும் ஒரு புள்ளி கூடப் போட்டுவிடுவோம். நானே போட்டிருக்கிறேன்.

மதிப்பெண்ணில் இருக்கும் ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. எவ்வளவு பங்கு டீச்சருக்கு டீச்சர் உள்ள வித்தியாசம், எவ்வளவு பார்வையாளரால், எவ்வளவு அந்த நாளால், எவ்வளவு அந்த 20 நிமிடத்தால் என்று. பொதுமையாக்கக் கோட்பாடு என்று தமிழில் சொல்லலாம். 1972இல் அதை முழு நூலாகக் கொடுத்த நால்வர் குரோன்பாக், கிளேசர், நந்தா, ராஜரத்தினம். நாகேஸ்வரி ராஜரத்தினம் என்ற பெயரை அந்த அட்டையில் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சரிதான், ஏனென்றால் பானை முழுக்க ஒரே தீயில் வேகிறது. வகுப்பு அப்படி வேகுவதில்லை. காலைப் பாட்டு நேரம் வேறு, சாப்பாட்டுக்கு முன் பசி நேரம் வேறு, தூங்கி எழுந்தபின் வேறு.

ராஜம்மா (விருத்தாசலம்):

பேத்தி இதைப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள். 31 வருஷம் பால்வாடியில் இருந்தேன், அப்புறம் அதுதான் அங்கன்வாடி ஆனது.

தேன்மொழி கண்ணு, அந்த டீச்சரை நான் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். வெளியாள் உட்கார்ந்திருந்தால் முதலில் "கதையைக் கேளுடா" என்றுதான் வாயில் வரும். பிள்ளைகள் அடங்கி இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்ற பயம். நோட்டோடு ஒருவர் வந்தால் குழந்தைகளும் மாறிவிடும். பேசுகிற பிள்ளை பேசாது, அடம்பிடிக்காத பிள்ளை அழும். முதல் அரைமணி நேரம் பார்த்து எழுதுவது வகுப்பே இல்லை. காலையிலேயே வந்து, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு பிள்ளை மடியில் ஏறியபின் எழுதட்டும்.

எடை எடுக்கிற நாளில் மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். அன்றைக்குத் தாய்மார்கள் வரிசை, தராசு, நோட்டு, அழுகிற கைக்குழந்தை. அன்றைக்கு வந்து பார்த்துவிட்டு டீச்சர் கதையே சொல்லவில்லை என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. என்ன மதிப்பெண் போட்டார்கள் என்று எனக்கு ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

பிரபாகர் (சென்னை):

எல்லோரும் சொல்வது நியாயம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த அளவுகோல்கள் வருவதற்கு முன் என்ன இருந்தது? வருகைப் பதிவேட்டில் "மையம் நன்று" என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து. அதற்குத் திரும்பிப் போக எனக்கு மனசில்லை. நான் பதினைந்து வருஷமாக முன்பருவக் கல்வித் தொண்டு அமைப்புகளில் வேலை செய்கிறேன்.

நம் ஊரிலும் இதற்கு உழைத்தவர்கள் இருக்கிறார்கள். மழலையர் வகுப்பின் சூழலை மதிப்பிட அமெரிக்காவின் வட கரோலினாவில் 1980இல் வந்த 'ஈக்கர்ஸ்' அளவுகோலின் வழியில், சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக்கென்றே 'டெக்கர்ஸ்' என்று ஒன்றைத் தயாரித்தது. அந்த வேலை எவ்வளவு அவசியம் என்பது களத்தில் இருப்பவருக்குத் தெரியும். குழந்தைக்கு ஏற்ற மேசை நாற்காலி இருக்கிறதா என்று ஒரு கேள்வி வந்தால், பாயில் உட்கார்ந்து நன்றாகவே படிக்கும் வகுப்பு அங்கேயே விழுந்துவிடும். அளவுகோல் இடத்துக்குப் பொருந்தவில்லை என்றால் இரண்டு பார்வையாளரும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவார்கள், இருவரும் சேர்ந்து தப்பாக.

என் கருத்து, முடிந்தவரை எண்ணக்கூடியதை எண்ணலாம். தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பணியாளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பருவக் கல்விக்குச் செலவான நேரம் இரட்டிப்பானது, குழந்தைகளின் கணக்கும் மொழியும் உயர்ந்தன. நிமிடங்களை எண்ணுவதில் இரண்டு பேருக்குள் அவ்வளவு சண்டை வராது.

மற்றபடி, பல நூறு மையங்களின் சராசரியைப் பேச இந்த 1-7 மதிப்பெண் உதவும். ஒரு மையத்தின், ஒரு டீச்சரின் தலையெழுத்தை எழுத அது போதாது. நான் அதில் உறுதியாக இருக்கிறேன்.

ஜெயந்தி (ஓஹையோ):

பிரபாகர் சார், நிமிடக் கணக்கில் அந்தக் காக்கா எப்படி வரும்? அது மொத்தமே அரை நிமிடம் இருக்குமா?

பிரபாகர் (சென்னை):

வராது. ஒப்புக்கொள்கிறேன். அதைப் பிடிக்க ஒரு மனிதக் கண்தான் வேண்டும், அதனால்தான் இவ்வளவு தூரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு_வாத்தியார் (கோவை):

பிரபாகர் சொன்ன சராசரி விஷயத்தில் ஒரு திருத்தம். பல மையங்களைச் சேர்த்தால் அங்கங்கே நடக்கும் தற்செயல் தவறுகள் கழிந்துவிடும், சரி. ஆனால் ஒரு பார்வையாளர் இயல்பிலேயே தாராளமானவர் என்றால், அவரே ஒரு வட்டாரம் முழுக்கப் பார்த்தார் என்றால், எத்தனை மையம் சேர்த்தாலும் அது கழியாது. அந்த வட்டாரமே நல்ல வட்டாரம் என்று அறிக்கை சொல்லும். பார்வையாளர்களை வட்டாரம் மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே வீடியோவை எல்லோருக்கும் போட்டு, யார் மெல்ல இறங்குகிறார், யார் ஏறுகிறார் என்று பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்த வாரம் இருக்கும் கண் ஆறாம் மாதம் இருப்பதில்லை.

பெரிய பிள்ளைகளின் வகுப்புகளைப் பற்றியதுதான் என்றாலும் இதையும் சொல்கிறேன். ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுண்டியில் ஆன்ட்ரூ ஹோ, தாமஸ் கேன் இருவரும் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஒரே ஆள் இன்னொரு பாடத்தையும் பார்ப்பதைவிட, இன்னொரு பாடத்தை வேறோர் ஆள் பார்ப்பதுதான் நம்பகத்தன்மையை அதிகம் கூட்டியது. காசு குறைவாக இருந்தால் அதையே முதலில் செய்யலாம்.

தேன்மொழி, படிவத்தில் அழித்துவிட்டீர்கள். வேறு எங்காவது அந்த முதல் எண்களைக் குறித்து வைத்திருக்கிறீர்களா?

தேன்மொழி:

மூன்று நாளாகப் பதில் போடவில்லை, காரணம் இருக்கிறது.

என் களக் குறிப்பு நோட்டில், ஓரத்தில், முதலில் போட்ட எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அந்த அக்காவுக்கு போன் செய்தேன். அவரும் வைத்திருந்தார்! ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாங்கள் ஜோடியாகப் போனது 14 முறை. சிந்தனையைத் தூண்டுதல் தலைப்பை மட்டும் எடுத்தோம்.

நாலு முறை ஒரே எண். ஏழு முறை ஒரு புள்ளி வித்தியாசம். மூன்று முறை இரண்டு புள்ளி. ஒரு புள்ளிக்குள் என்று பார்த்தால் 14இல் 11. வாத்தியார் சார் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வரும் என்று சொன்னாரே, ஏறக்குறைய அந்த அளவுதான்.

அதோடு முடியவில்லை. மாறுபட்ட பத்து முறையில் ஒன்பது முறை நான்தான் அதிகம் போட்டிருக்கிறேன். காக்கா நாளில் மட்டும் இல்லை. உட்கார்ந்த இடம், ஒலிபெருக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு அவரும் அந்தப் பையன் சாக்பீஸ் எடுத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்: "பையன் சாக்பீஸோடு விளையாடுகிறான், டீச்சர் கண்டுகொள்ளவில்லை." டீச்சர் கேட்ட கேள்வி மட்டும் அவர் காதில் விழவில்லை. சரி, அது அன்றைக்கு. மற்ற எட்டு முறைக்கு எந்த வண்டியும் வரவில்லை. எனக்கு டீச்சர்களைப் பார்த்தால் மனசு இளகிவிடுகிறது, அக்காவுக்குக் குழந்தைகள் வீணாகிறார்களே என்று கோபம் வருகிறது. இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

நான் தனியாகப் பார்த்த மையங்கள் எல்லாம் ஒரே வட்டாரம். அவர் பார்த்தது பக்கத்து வட்டாரம். வாத்தியார் சொன்னது அப்படியே நடந்திருக்கலாம் என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. இரண்டு நோட்டையும் ஸ்கேன் செய்து, நடந்ததை எழுதி, திட்டக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். அறிக்கையைத் திருத்துவார்களா, பார்க்கலாம்.

ஆய்வுமாணவன்_தஞ்சை:

அக்கா, 14 ஜோடி குறைவுதான், ஆனால் பத்தில் ஒன்பது ஒரே பக்கம் என்பது தற்செயல் என்று ஒதுக்கக்கூடியது இல்லை. மற்ற ஜோடிகளிடமும் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்குப் போட நான் வருகிறேன்.

தேன்மொழி:

கேட்கிறேன் தம்பி. இன்னொரு யோசனையும் இருக்கிறது. அந்தக் காக்கா டீச்சருக்குத் தனக்கு 4 போட்டார்கள் என்பதே தெரியாது. ஆய்வு முடிந்துவிட்டதால் இப்போது போய்ப் பேசலாம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பற்றி இல்லை, அந்தப் பையனிடம் அவர் கேட்ட கேள்வியைப் பற்றி. ராஜம்மா, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் அதைக் கேட்கப் பிடிக்குமா?

ராஜம்மா (விருத்தாசலம்):

போய்ச் சொல்லு கண்ணு. என்னிடம் யாராவது வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கியிருக்காது, அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். எடை எடுக்கிற நாள் எது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மறுநாள் போ.